வாசகர் கேள்வி பதில்: ‘ஹோர்கோஸ்’ என்னும் கிரேக்கச் சத்தியம்

பழங்கிரேக்கர்கள் சத்தியம் செய்த முறையைப் பற்றி வந்திருந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் சேர்த்தே பதில் தரப்படுகிறது.

கேள்வி: 2022-ஆம் ஆண்டு மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் உறுதிமொழியை ஏற்றது பெரிய சர்ச்சையானது. அண்மையில் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கிரேக்க மூலத்தில் அந்த உறுதிமொழிக்கு ‘ஹோர்கோஸ்’ என்ற ஒரே சொல்தான் தலைப்பு என்று மருத்துவம் படிக்கும் என் மகள் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு உறுதிமொழி என்பதுதான் பொருளா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான், உறுதிமொழி என்று பொருள் கொள்வதிலும் பிழையில்லை. ஆனால் மிகப் பழைய கிரேக்கத்தில் ஹோர்கோஸ் என்பது வாயால் சொல்லும் சொற்களைக் காட்டிலும், அவற்றைச் சொன்னவனைப் பிடித்து நிறுத்தும் பொருளையோ ஆற்றலையோதான் குறித்தது. சத்தியம் செய்யும் செயலுக்கு ‘ஓம்னுமி’ என்று தனி வினைச்சொல் இருந்தது. எதன்மேல் சத்தியம் செய்கிறோமோ, மீறினால் எது நம்மைத் தாக்கும் என்று அஞ்சுகிறோமோ, அது ஹோர்கோஸ்.

இதற்கு நல்ல சான்று, டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் முதல் காண்டத்திலேயே கிடைக்கிறது. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானோடு பிணங்கிப் போரிலிருந்து விலகும் அக்கிலீஸ், சபையில் பேசுகிறவர் கையில் ஏந்தும் கோலைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்கிறான். மலையில் அடிமரத்தைப் பிரிந்து வந்துவிட்ட இந்தக் கோல் இனி இலையோ தளிரோ விடப்போவதில்லை, இதன் இலையையும் பட்டையையும் வெண்கலம் சீவிவிட்டது என்று சொல்லி, இதுவே உனக்குப் பெரிய ஹோர்கோஸ் ஆகும் என்கிறான். பேசி முடித்ததும், பொன் ஆணிகள் அறைந்த அந்தக் கோலைத் தரையில் வீசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். கையிலிருந்த கோல்தான் இங்கே ஹோர்கோஸ். பிரெஞ்சு மொழியியல் அறிஞர் எமில் பென்வெனிஸ்ட் இந்தச் சொல்லை இவ்வாறே, புனிதம் ஏறிய ஒரு பொருள் என்றே விளக்கினார்.

சொல்லின் வேரைப் பற்றியும் ஒரு வரி. வேலி, தடுப்பு என்று பொருள்படும் ‘ஹெர்கோஸ்’ என்ற சொல்லோடு இதை இணைப்பது நெடுநாள் வழக்கம். அதன்படி, சத்தியம் என்பது ஒருவனைச் சுற்றி அடைக்கப்படும் வேலி. இன்றைய சொற்பிறப்பியல் அறிஞர்கள் இதை உறுதியானதாக ஏற்பதில்லை. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது சான்றாகாது என்பதால் அதன்மேல் நான் எதையும் கட்டப்போவதில்லை.

இனி மருத்துவரின் ஹோர்கோஸுக்கு வருவோம். கி.மு. 5 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் அந்தச் சிறு வாசகம், மருத்துவனாகிய அப்பல்லோவையும், மருத்துவத் தெய்வங்களான அஸ்கிலேப்பியஸையும், ஹைஜியா, பனகேயா ஆகியோரையும், மற்றெல்லாத் தேவர்களையும் தேவியரையும் சாட்சிக்கு அழைத்துத் தொடங்குகிறது. ஆசிரியரைப் பெற்றோருக்கு இணையாகக் கருதுவது, கேட்டாலும் யாருக்கும் உயிர்கொல்லி மருந்து தராமலிருப்பது, நோயாளியின் வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்லாமலிருப்பது என்று கடமைகள் வரிசையாக வருகின்றன. கடைசி வாக்கியம்தான் இதை ஹோர்கோஸ் ஆக்குகிறது: இதைக் காத்தால் வாழ்விலும் தொழிலிலும் எனக்குப் புகழ் உண்டாகட்டும், மீறினால் இதற்கு நேர்மாறானது நேரட்டும். சாட்சியாகத் தெய்வம், நடுவில் கடமை, இறுதியில் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் சாபம் என்னும் இம்மூன்றும் கூடினால்தான் கிரேக்கருக்கு அது முறையான சத்தியம். இந்த வாசகத்திலேயே ‘இந்த ஹோர்கோஸையும் இந்த ஒப்பந்தத்தையும்’ என்று இரண்டையும் தனித்தனியே சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. ஒப்பந்தம் வேறு, அதைக் காவல் காக்கும் ஹோர்கோஸ் வேறு என்ற உணர்வு அப்போதும் மங்கிவிடவில்லை.

1948-இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்ட பிரகடனத்தில் சாட்சித் தெய்வமும் இல்லை, சாபமும் இல்லை. தன் மானத்தின்மேல் மருத்துவர் வாக்களிப்பதோடு அது முடிந்துவிடுகிறது. பழைய கிரேக்கன் ஒருவன் அதைக் கேட்டால் நல்ல வாக்குறுதி என்பானே தவிர, ஹோர்கோஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டான். சரக சம்ஹிதையில் ஆசிரியர் தீயையும் அந்தணரையும் மருத்துவரையும் சாட்சியாக வைத்து மாணவனுக்கு நெறிகளைச் சொல்கிறார். அந்த அளவில், 2022-இல் எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரண்டு பழைய வாசகங்களும் சாட்சி வேண்டும் என்பதில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

கேள்வி: கிரேக்கர் சத்தியம் செய்யும்போது விலங்கைப் பலியிட்டார்கள் என்று படித்தேன். தெய்வத்துக்குப் படைத்துவிட்டுப் பின் எல்லோரும் உண்பதுதானே பலி? சத்தியத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வழக்கமான பலிகளில் நீங்கள் சொல்வது போலத்தான் நடந்தது, சத்தியப் பலியின் இறைச்சியை மனிதர்கள் உண்பதில்லை. ஏனென்றால், இங்கே வெட்டுப்படும் விலங்கு படையல் அல்ல, முன்னோட்டம். பொய் சொன்னால் எனக்கு என்ன நேர வேண்டுமோ அது என் கண்முன் இந்த உயிருக்கு நேர்கிறது என்பதே அதன் கருத்து. ஹோமரின் மொழியில் உடன்படிக்கை செய்வதற்கே ‘ஹோர்கியா வெட்டுதல்’ என்றுதான் பெயர்.

இலியட்டின் மூன்றாம் காண்டத்தில் இது விரிவாகவே வருகிறது. பாரிஸும் மெனலாஸும் தனித்துப் போரிட்டு, வென்றவன் ஹெலனை அழைத்துச் செல்வது என்று முடிவாகிறது. டிராய் நகரத்தார் கதிரவனுக்கு வெள்ளைக் கிடாய்க்குட்டி ஒன்றும் பூமிக்குக் கருப்புப் பெண்குட்டி ஒன்றும் கொண்டுவர, கிரேக்கர் தேவர்களின் தலைவனான ஸீயஸுக்காக இன்னொன்று கொண்டுவருகிறார்கள். அகமெம்னான் தன் கத்தியை உருவிக் குட்டிகளின் தலைமயிரை வெட்ட, அதைக் கட்டியக்காரர்கள் இரு தரப்புத் தலைவர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். கையில் அந்த மயிரைப் பெற்றுக்கொண்டவன் பிறகு ‘நான் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் நின்றேன்’ என்று ஒதுங்க முடியாது. ஸீயஸும், எல்லாவற்றையும் காண்கிற கதிரவனும், ஆறுகளும், பூமியும், பொய்ச் சத்தியம் செய்தவரை இறந்த பின்னும் தண்டிக்கும் பாதாளத் தெய்வங்களும் சாட்சியாக அழைக்கப்படுகிறார்கள். கழுத்தறுத்த குட்டிகள் தரையில் துடிக்கின்றன. பிறகு மதுவைக் கீழே ஊற்றி, இரு படையினரும் ஒரே வேண்டுதலைச் சொல்கிறார்கள்: எந்தப் பக்கத்தார் முதலில் இதை மீறுகிறார்களோ, அவர்கள் மூளையும் அவர்கள் பிள்ளைகளின் மூளையும் இந்த மதுவைப் போல மண்ணில் சிந்தட்டும். அடுத்த காண்டத்திலேயே டிராய் பக்கத்துப் பாண்டரஸ் அம்பெய்து சத்தியத்தை முறித்துவிடுகிறான்.

பத்தொன்பதாம் காண்டத்தில், பிரிசெயிஸ் என்ற பெண்ணைத் தான் தொடவில்லை என்று அகமெம்னான் சத்தியம் செய்யும்போது வெட்டப்படுவது காட்டுப்பன்றி. கட்டியக்காரன் டால்திபியஸ் அதைச் சுழற்றிக் கடலில் மீனுக்கு இரையாக எறிகிறான். இதற்குச் சுவையான பின்குறிப்பு ஒன்று உண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஒலிம்பியாவுக்குச் சென்ற பயண எழுத்தாளர் பௌசானியாஸ், அங்கே சபை மண்டபத்தில் இரு கைகளிலும் இடியை ஏந்தி நின்ற ‘ஸீயஸ் ஹோர்கியோஸ்’ என்னும் சத்தியக் காவல் தெய்வத்தின் சிலையைக் கண்டார். போட்டியாளர்களும், அவர்களுடைய தந்தையரும் சகோதரர்களும் பயிற்சியாளர்களும் பன்றி இறைச்சித் துண்டுகளின்மேல் சத்தியம் செய்து, போட்டியில் முறைகேடு செய்வதில்லை என்று வாக்களிப்பார்கள். பத்து மாதம் விடாமல் பயிற்சி செய்திருப்பதாகப் போட்டியாளர்கள் தனியே இன்னொரு சத்தியமும் செய்ய வேண்டும். அந்தப் பன்றியைப் பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன் என்று எழுதிவிட்டு, சத்தியப் பலியை உண்ணலாகாது என்ற பழைய விதிக்குச் சான்றாக டால்திபியஸ் கடலில் எறிந்த இதே இடத்தைத்தான் அவர் காட்டுகிறார்.

விலங்குக்குப் பதில் மெழுகுப் பொம்மையையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். லிபியக் கரையில் சைரீன் நகரை நிறுவத் தேரா தீவிலிருந்து குடியேறியவர்களின் சத்தியத்தைக் கூறும் கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், ஆண்களும் பெண்களும் சிறுவர் சிறுமியரும் கூடி மெழுகு உருவங்களை எரித்து, இதை மீறுகிறவன் தன் வம்சத்தோடும் சொத்தோடும் இந்த உருவங்களைப் போல உருகி ஓடட்டும் என்று சபித்துக்கொண்டதாக இருக்கிறது.

கேள்வி: மனிதர்கள் தெய்வத்தின்மேல் சத்தியம் செய்தார்கள். தெய்வங்கள் எதன்மேல் சத்தியம் செய்தன?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: பாதாளத்தில் ஓடும் ஸ்டிக்ஸ் ஆற்றின்மேல். தேவர்களின் பெரிய ஹோர்கோஸ் அதுதான் என்று பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடுகிறார். இங்கும் ஹோர்கோஸ் என்பது பொருளே, வாக்கியம் அல்ல. தேவர்களிடையே தகராறு வந்தால் ஐரிஸ் தேவி அந்த நீரைப் பொற்குடத்தில் முகந்து வருவாள். அதை ஊற்றிப் பொய்யாகச் சத்தியம் செய்த தேவன் ஓராண்டு மூச்சும் பேச்சுமின்றி, அமுதம் தீண்டாமல் கிடப்பான். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் தேவர் சபையிலும் விருந்திலும் அவனுக்கு இடமில்லை. சாகாதவர்களுக்கு மரணத்தை எப்படித் தண்டனையாக்குவது என்ற சிக்கலை ஹெசியட் நன்றாகவே தீர்த்திருக்கிறார்.

அதே கவிஞர் ஹோர்கோஸையே ஒரு தெய்வமாகவும் ஆக்குகிறார். பிணக்கின் தேவியான எரிஸ் பெற்ற பிள்ளை அவன். அவன் பிறந்தபோது பழிவாங்கும் எரினியர் பேறுகாலம் பார்த்தார்கள். அறிந்தே பொய்ச் சத்தியம் செய்கிறவனுக்கு அவனைவிடப் பெரிய துன்பம் கிடையாது. கோணலான தீர்ப்பு எங்கே சொல்லப்படுகிறதோ அங்கே ஹோர்கோஸ் பின்னாலேயே ஓடிவருவான் என்பதும் ஹெசியட் சொல்வதே.

கேள்வி: ஏதென்ஸ் நீதிமன்றங்களில் சத்தியத்துக்கு என்ன இடம் இருந்தது? பொய்ச் சத்தியம் செய்தவரைச் சட்டம் தண்டித்ததா?
– வழக்கறிஞர், திருச்சிராப்பள்ளி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பொய்ச் சாட்சி சொன்னவர்மேல் ஏதென்ஸில் வழக்குத் தொடர முடிந்தது. ஆனால் பொய்ச் சத்தியம் என்பதற்காகவே தண்டிக்கும் பொறுப்பு தெய்வங்களுடையது. அரசு அதில் தலையிடவில்லை. அப்படியிருந்தும், கி.மு. 330-இல் லியோகிரட்டீஸ் என்பவர்மேல் தொடுத்த வழக்கில் பேசிய ஏதென்ஸ் அரசியல்வாதி லைகர்கஸ், ஆட்சிப் பொறுப்பாளர், நீதிபதி, தனிக் குடிமகன் ஆகிய மூவரும் சத்தியத்தால் கட்டுண்டவர்கள், மக்களாட்சியைச் சேர்த்துப் பிடித்திருப்பதே சத்தியம்தான் என்று வாதாடினார். வழக்கை வெல்லச் சொன்ன பேச்சுதான் என்றாலும், அதில் மிகை அதிகமில்லை.

ஆண்டுதோறும் 6,000 பேர் நடுவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சத்தியம் ஏற்றார்கள். ஆர்க்கோன்கள் எனப்பட்ட ஒன்பது உயர் ஆட்சிப் பொறுப்பாளர்கள் பதவியேற்கும்போது சந்தைவெளியில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, சட்டப்படி நடப்பதாகவும் கையூட்டு வாங்குவதில்லை என்றும், வாங்கினால் பொற்சிலை ஒன்றை அபராதமாக வைப்பதாகவும் சத்தியம் செய்தார்கள் என்று அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் கூறுகிறது. 1970-இல் நடந்த அகழாய்வில், அந்தச் சந்தைவெளியில் இருந்த அரச மண்டபத்தின் முன்படியருகே ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பாளம் வெளிப்பட்டது. அதுதான் அந்தக் கல் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

கொலை வழக்கு விசாரிக்கப்பட்ட அரியோபாகஸ் மன்றத்தில் முறை இன்னும் கடுமையானது. பன்றி, செம்மறிக்கிடாய், காளை மூன்றையும் குறித்த நாளில் குறித்தவர்களைக் கொண்டு வெட்டி, அந்தத் துண்டங்களின்மேல் குற்றம் சாட்டுபவர் நிற்க வேண்டும். பொய்யானால் தானும் தன் குலமும் வீடும் வேரோடு அழியட்டும் என்று சொல்ல வேண்டும். எதிரியை அச்சுறுத்துவதற்காக மட்டும் கொலைக் குற்றம் சாட்ட நினைப்பவன், வெட்டிய இறைச்சியை மிதித்து நிற்கும்போது இரண்டாம் முறை யோசித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

படைப்பயிற்சிக்குச் சேரும் இளைஞர்களின் சத்தியம் ஆக்கார்னே என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில் முழுமையாக இருக்கிறது. சாட்சிகளின் பட்டியலில் ஆரீஸ், அத்தீனா, ஸீயஸ், ஹெராக்ளீஸ் எல்லோரும் வந்தபின், நாட்டின் எல்லைகளும், கோதுமையும், வாற்கோதுமையும், திராட்சையும், ஒலிவமும், அத்தியும் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன.

கேள்வி: தெய்வம்தான் தண்டிக்கும் என்றால், சொற்களைச் சாமர்த்தியமாக அமைத்து ஏமாற்றியவர்கள் இருந்திருப்பார்களே?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: நிறையவே இருந்தார்கள். இத்தாலியின் தென்முனையில் குடியேறிய லோக்ரியர் என்னும் கிரேக்கர், அங்கிருந்த சிசெல் மக்களிடம் ‘இந்த மண்ணை மிதிக்கும் வரையிலும், இந்தத் தலைகள் தோள்மேல் இருக்கும் வரையிலும்’ நட்பாயிருப்பதாகச் சத்தியம் செய்தார்களாம். காலணிக்குள் மண்ணையும், ஆடைக்குள் தோள்மீது பூண்டுத் தலைகளையும் மறைத்து வைத்திருந்தார்கள். சத்தியம் முடிந்ததும் இரண்டையும் உதறிவிட்டு, பிறகு வாய்ப்புக் கிடைத்தபோது அந்த மக்களைத் துரத்திவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் பதிவு செய்கிறார். இதில் வியப்பு என்னவென்றால், ஏமாற்றுகிறவனும் சத்தியத்தின் எழுத்துக்கு அஞ்சுகிறான். அஞ்சாதவனாக இருந்தால் பூண்டு எதற்கு?

ஆனால் சத்தியம் செய்ய வெறுமனே எண்ணியதற்கே அழிந்த ஒருவன் கதையை ஹெரோடோட்டஸ் சொல்கிறார். நேர்மைக்குப் பெயர்பெற்ற ஸ்பார்ட்டாவின் கிளாக்கஸிடம் மைலீட்டஸ் நகரத்தார் ஒருவர் பணத்தை நம்பி ஒப்படைத்தார். காலம் கழித்து அவருடைய பிள்ளைகள் வந்து கேட்டபோது, நினைவில்லை என்று சொல்லித் தவணை வாங்கிய கிளாக்கஸ், பொய்ச் சத்தியம் செய்து பணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அப்பல்லோவின் குறிசொல்லும் கோயில் இருந்த டெல்ஃபிக்கே போய்க் குறி கேட்டான். ‘சத்தியம் செய், சத்தியம் காப்பவனுக்கும் சாவு உண்டுதான். ஆனால் ஹோர்கோஸுக்குப் பெயரில்லாத ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்குக் கையுமில்லை, காலுமில்லை. ஆனாலும் விரைந்து துரத்திக் குலத்தையும் வீட்டையும் பற்றி அழிக்கும் வரை ஓயாது’ என்று பதில் வந்தது. பயந்துபோனவன் மன்னிப்புக் கேட்டான். இப்படித் தெய்வத்தைச் சோதிப்பதும் அந்தக் குற்றத்தைச் செய்வதும் ஒன்றே என்றாள் குறிசொல்லி. பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் பயனில்லை. கிளாக்கஸின் வழியில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று கதை முடிகிறது.

கேள்வி: பேயோட்டுபவரைக் குறிக்கும் ‘எக்ஸார்சிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இந்த ஹோர்கோஸிலிருந்து வந்தது என்கிறார்கள். சத்தியத்துக்கும் பேய்க்கும் என்ன உறவு?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஹோர்கோஸிலிருந்து பிறந்த ‘எக்ஸோர்கிஸோ’ என்ற வினை முதலில் பேயோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. ஒருவரிடம் சத்தியம் வாங்குவது என்பதே அதன் பொருள். தானாகச் செய்வது ஒன்று, பிறரைச் சத்தியத்துக்குள் நிறுத்துவது இன்னொன்று. இந்த இரண்டாவதிலிருந்துதான் சொல் திசை மாறுகிறது. தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஒருவரைக் கட்டிப்போட முடியும் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஆவியையும் ஏன் கட்ட முடியாது? எகிப்தில் கிடைத்த கிரேக்க மந்திரப் பாப்பிரஸ் சுருள்களில், ‘உன்மேல் ஆணையிடுகிறேன்’ என்ற பொருள்படும் ‘ஹோர்கிஸோ செ’ என்ற தொடர், ஆவிகளை ஏவுவதற்கும் விரட்டுவதற்கும் திரும்பத் திரும்ப வருகிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்த மாற்றத்தின் இரு முனைகளையும் பார்க்கலாம். மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியர், ஜீவனுள்ள தேவன்பேரில் ஆணையிட்டு, நீ கிறிஸ்துதானா என்று இயேசுவைக் கேட்குமிடத்தில் எக்ஸோர்கிஸோ என்ற அதே வினைதான் நிற்கிறது; அது முழுக்க விசாரணை மன்றத்தின் பேச்சு. மாற்கு 5-ஆம் அதிகாரத்திலோ, அசுத்த ஆவி பிடித்தவன் தன்னை வேதனைப்படுத்தாதபடி இயேசுவின்மேலேயே தேவன்பேரில் ஆணையிடுகிறான். விரட்ட வந்தவரையே ஆவி கட்டப் பார்க்கிறது என்ற இந்தத் தலைகீழ் நிலை மூலத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு நகரில், பவுல் பிரசங்கிக்கும் இயேசுவின்பேரில் ஆணையிட்டுப் பேயோட்டத் துணிந்தவர்கள் ‘எக்ஸோர்கிஸ்தேஸ்’ எனப்படுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் அந்தப் பெயர்ச்சொல் வருமிடம் அது ஒன்றுதான். ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகள்மேல் ஆவி பிடித்தவன் பாய்ந்து, அவர்கள் உடையிழந்து காயத்தோடு ஓடிய கதையும் அதிலேயே இருக்கிறது.

அங்கிருந்து லத்தீனுக்குப் போன சொல், ஞானஸ்நானத்துக்கு முந்தைய சடங்குகளிலும், திருச்சபையின் சிறு பட்டங்களில் ஒன்றின் பெயராகவும் நிலைத்தது. அந்தச் சிறு பட்டத்தை 1972-இல் போப் ஆறாம் பவுல் நீக்கினார். சொல்லின் பயணத்தில் சாபமும் பலியும் உதிர்ந்துவிட்டன, தெய்வத்தின் பெயரால் கட்டுவது என்ற நடுப்பகுதி மட்டும் விடாமல் தொடர்ந்தது என்பது என் கணிப்பு.

கேள்வி: இன்றைய கிரேக்கர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். தொடக்கத்து ‘ஹ’ ஒலி மட்டும் தேய்ந்து ‘ஓர்கோஸ்’ ஆகிவிட்டது. நீதிமன்றத்தில் அமரும் நடுவருக்குச் சத்தியத்துக்கு உட்பட்டவர் என்ற பொருளில் ‘ஏனோர்கோஸ்’ என்று பெயர். மாயமந்திரத்துக்கு ‘க்ஸோர்கி’ என்று பெயர். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவை, பட்டம் பெறுவோர் அங்கே சத்தியம் ஏற்பதால், ‘ஓர்கோமோசியா’ என்கிறார்கள். கிரேக்க அரசியலமைப்பின்படி குடியரசுத் தலைவர் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் சத்தியம் செய்தே பதவியேற்க வேண்டும். பிரதமருக்கு மதச் சத்தியம் வழக்கமாக இருந்தது; 2015 ஜனவரியில் அலெக்ஸிஸ் சிப்ராஸ், பேராயர் முன்னிலையில் மதச் சத்தியம் செய்வதைத் தவிர்த்து, குடிமைமுறைச் சத்தியம் ஏற்ற முதல் கிரேக்கப் பிரதமரானார்.